பதினேழாவது இழுப்பறை

அன்று காலை ஏழே முக்கால் மணிக்கு மாஸ்டர் இரண்டு முதுகலைப் படிப்புகளுக்கு ஓட்டுநர் தேர்வு வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், தெருவும் அப்படியே கூப்பிட்டது, கடைசியில் மனைவிக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. மாதிரித் தேர்வுக்காக அச்சடித்த மதிப்பெண் தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கடைச் சாமான் பட்டியல், மின்தடை நேரம், மருந்து வேளை எல்லாம் அவற்றின் பின்பக்கத்தில்தான் எழுதப்படும். அன்று அவர் முன்பக்கத்தையே எடுத்துக்கொண்டார். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ‘பயோமெடிக்கல் சயின்ஸ்’ என்றும் வலப்பக்கம் ‘பயோ எதிக்ஸ்’ என்றும் எழுதினார்.

படிக்கப் போகிறவள் அவர் மனைவி. ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர்கள் வயது பார்க்காமல் விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. படிப்புகள் இரண்டு, ஆனால் ஒருவர் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். முதலாவது, உடம்பும் நோயும் எப்படி வேலை செய்கின்றன என்பது. இரண்டு வருஷம், நுழைவுத் தேர்வு, புள்ளியியல் பாடம் உண்டு, முடித்தால் ஆய்வக மேற்பார்வையாளர் பதவி. இரண்டாவது, அந்த உடம்பை என்ன செய்வது நியாயம், யாரைக் கேட்டுச் செய்வது என்பது. ஒன்றரை வருஷம், மாலை வகுப்பு, நேர்முகம் மட்டும். முடித்தால் என்ன ஆகும் என்று அறிவிப்பு சொல்லவில்லை.

“கண்ணாடி பார்த்தல்,” என்று மாஸ்டர் முதல் வரியைப் படித்தார். “பின்னாடி என்ன வருதுன்னு தெரியணும். பயோமெடிக்கல் எட்டு. சூப்பர்வைசர் போஸ்ட் வருது, நல்லாத் தெரியுது. எதிக்ஸ்ல என்ன வருதுன்னு கண்ணுக்கே தெரியல. நாலு.”

“மேட்டுல நிறுத்தி எடுக்கறது?”

“நாப்பத்தி மூணு வயசுல எந்த வண்டியும் முதல்ல கொஞ்சம் பின்னாடிதான் உருளும். ரெண்டுக்கும் அஞ்சு.”

“ரொம்ப நன்றி.”

“பிறரைக் கவனித்தல். பயோமெடிக்கல் மூணு. எதிக்ஸ் பத்து.”

“பத்தா? நீங்க யாருக்கும் பத்து போட்டதே இல்லையே.”

“படிப்புக்குப் போடலாம். அது ரோட்டுக்கு வராது.”

கியர், திருப்பம், எல்லாம் போட்டுக் கூட்டியபோது பயோமெடிக்கல் இருபத்தொன்பது, எதிக்ஸ் இருபத்தேழு. ‘நிறுத்துதல்’ என்ற கடைசி வரி மட்டும் பாக்கி. எட்டு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். மாஸ்டர் அவித்த முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“இத சாயங்காலம் வந்து போடறேன். நிறுத்தறதுக்கு அவசரத்துல மார்க் போடக் கூடாது,” என்றார். முட்டையோடு சொன்னதால் அவள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அன்று பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, நான்கு சாலைகள் சேருமிடத்தில் சிவப்பு விளக்கில் கார் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். அது அவருக்கு ஒன்பதாவது வகுப்பு. பிரேக் போட அவர் தாமதித்ததால் மாஸ்டர் தன் பக்கத்து இரண்டாவது பிரேக்கை மிதித்தார். வண்டி கோட்டுக்குச் சரியாக ஒரு சாண் முன்னால் நின்றது. பச்சை விழுந்தது. நான் சொல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது மாஸ்டர் முதல் வகுப்பிலேயே போடும் சட்டம். அவர் சொல்லவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. பல் டாக்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மாஸ்டரின் கால் பிரேக்கிலேயே இருந்தது.

“அவர் சொல்லலைங்க, அதான் நான் எடுக்கல,” என்று பல் டாக்டர் பிறகு வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் அதற்கு, “சரியாத்தான் செஞ்சீங்க,” என்றாள். மூன்று வாரம் கழித்து அவர் முதல் முயற்சியிலேயே உரிமம் வாங்கினார்.

துணைக்கு இரண்டு வாரம் இருக்கிறேன் என்று மாஸ்டரின் அக்கா வந்தார். அவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். தையல் கடைக்காரர், கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. மூன்றாவது வாரம் தையல் மெஷினும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு எப்போது போவீர்கள் என்று அவளும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. மதிப்பெண் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. அண்ணி பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் படிப்பார்.

“என் தம்பி எனக்குப் பதினோரு தடவ டெஸ்ட் வச்சான். ‘பிறரைக் கவனித்தல்’ல எனக்கு ரெண்டுக்கு மேல போட்டதே இல்ல,” என்றார் ஒருநாள்.

“நீங்க போலீஸ்காரரோட பேசிக்கிட்டே ஓட்டுனீங்களாமே அண்ணி.”

“அவர் சட்டைல பொத்தான் இல்ல. சொல்ல வேண்டாமா?”

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பிளேடு அக்கா. அறுவை சிகிச்சையில் எடுக்கிற துண்டுகள் அங்கே மெழுகில் பதிக்கப்பட்டு, தபால்தலை அளவுக்கு ஒரு கட்டியாகும். அதற்குப் பிளாக் என்று பெயர். பிளாக்கைச் சீவுகிற மெஷினில் தலைமுடியைப் பல பங்காகப் பிளந்த கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும். அதில் அவள் கை தேர்ந்தவள். பிளேடு என்பதற்கு அறுக்கிறவர் என்று இன்னொரு பொருளும் உண்டு என்பதை யாரும் அவள் எதிரில் சொன்னதில்லை. விதிமுறைகளைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் மட்டும் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

சீவி முடித்த பிளாக்குகள் கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட அறையில், எண் வரிசைப்படி இரும்பு இழுப்பறைகளில் பத்து வருஷம் இருக்கும். அந்த அறையும் அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிளாக் கூட இடம் மாறியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட, எந்த எண் எந்த இழுப்பறை என்று சொல்லுவாள். யாரும் கேட்டதில்லை.

மாஸ்டர் போய் நான்காவது மாதம், பித்தப்பைக் கல்லைப் பற்றி ஆராய்கிற ஒரு டாக்டருக்குப் பழைய பிளாக்குகள் தேவைப்பட்டன. நூற்றுப் பன்னிரண்டு எண்கள் கொண்ட பட்டியல் வந்தது. நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: உயிரோடு இருப்பவர்களைக் குழு அலுவலகமே கேட்டுக்கொள்ளும், இறந்தவர்கள் பத்தொன்பது பேர், அவர்களுடைய நெருங்கிய உறவினரைப் பிளாக் அறைக்குப் பொறுப்பானவர் தொலைபேசியில் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. சம்மதம். மறுப்பு. பிளாக் காணவில்லை.

நான்காவது பக்கத்தில் 4471 இருந்தது.

அது மாஸ்டரின் பித்தப்பை. நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. உள்ளே இருந்த ஏழு கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர் அதைக் காரில் வைத்துக்கொண்டு, சாலையில் கல் கிடந்தால் பதற வேண்டாம், எனக்குள்ளேயே கிடந்தது என்று மாணவர்களுக்குக் காட்டுவார். பை ஆய்வகத்துக்கு வந்தது. உறவினருடைய துண்டை யாரும் கையாளக் கூடாது என்பது விதி. ஆனால் பை வருகிற புட்டியின் மேல் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. அன்று அறுவை அரங்கிலிருந்து பதினொன்றே முக்காலுக்கு வந்தது ஒரே ஒரு பித்தப்பை. அவள் எதுவும் தெரியாதவள் போல அதைச் சீவினாள். நல்ல சீவல். ஒரு சுருக்கம் இல்லை.

மாஸ்டரைத் தகனம் செய்தாகிவிட்டது. அவர் உடம்பில் உலகத்தில் மிச்சம் இருந்தது 4471 மட்டும்தான்.

அவள் பதினெட்டுப் பேரிடம் முறையாகப் பேசினாள். ஒருவர் தன் அப்பாவின் துண்டு ஜன்னல் பக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, மருத்துவமனையில் மருமகனுக்கு வேலை கிடைக்குமா என்றார். ஒருவர், “ஆள் இருந்தப்ப ஒரு டாக்டரும் போன் பண்ணல,” என்று சொல்லிவிட்டுச் சம்மதமும் சொன்னார். பத்தொன்பதாவதாகப் பட்டியலில் இருந்த எண்ணை அவள் வரிசை தவறாமல் அழுத்தினாள். அவளுடைய கோட்டுப் பையில் கைபேசி மணி அடித்தது.

மூன்று தடவை மணி அடிக்கும்வரை கேட்டுவிட்டு அவள் ரிசீவரை வைத்தாள்.

மறுப்பு என்று எழுதலாம். ஆனால் மாஸ்டர் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னவர் அல்ல. அவர் பெயரில் மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சம்மதம் என்று எழுதினால் இன்னொரு மெஷினில் யாரோ அவரைச் சீவிக்கொண்டே போவார்கள், ஆராய்ச்சி முடியும்போது மெழுகு மட்டும் திரும்பி வரும். அப்படித் தீர்ந்துபோன பிளாக்குகளை அவள் பார்த்திருக்கிறாள். மிச்சம் இருந்தது மூன்றாவது கட்டம். ‘பிளாக் காணவில்லை’ என்பதில் டிக் போட்டு, தேதி எழுதி, கையெழுத்திட்டாள்.

வேறு எந்த ஆய்வகத்திலும் ஒரு பிளாக் காணவில்லை என்றால் அது செய்தியே அல்ல. இங்கே அது அரை மணி நேரத்தில் துறைத்தலைவி வரை போனது. பெரிய டாக்டர் என்று எல்லாரும் சொல்கிற அந்த அம்மாள் தானே கீழே இறங்கி வந்தார்.

“நீங்க காணோம்னு எழுதினா அது சாதாரண விஷயமா? எங்கயோ பெரிய தப்பு நடந்திருக்கு. தேடுங்க,” என்றார்.

மூன்று நாள் தேடினார்கள். முக்கியமாகத் தேடியது ஊதா அண்ணன். சீவல்களுக்குச் சாயம் ஏற்றுகிறவர். முப்பது வருஷச் சாயத்தில் பத்து விரலும் ஊதா. அடுத்த வருஷம் ஓய்வு. முட்டி வலி. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அலமாரிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மற்ற வருஷங்களின் இழுப்பறைகளைக் கொட்டித் திரும்ப அடுக்கினார். குப்பைத் தொட்டி, மெழுகு உருக்கும் பாத்திரம், கழிவு வண்டி, ஒன்றையும் விடவில்லை.

பதினேழாவது இழுப்பறையை மட்டும் யாரும் திறக்கவில்லை. 4471 இருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே இல்லை என்று பிளேடு அக்காவே எழுதிக் கொடுத்தபின் அங்கே போய்ப் பார்ப்பது அவளை அவமானப்படுத்துவதாகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அதை எடுத்து ஒளிக்கவும் இல்லை. காணவில்லை என்று எழுதினாளே தவிர, ஒரு பிளாக்கை அதன் இடத்திலிருந்து மாற்றிவைக்க அவளால் முடியவில்லை. 4470க்கும் 4472க்கும் நடுவில் அது பாட்டுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் மாலை அவள் வீட்டில் பயோமெடிக்கல் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. இருபத்தொன்பது இருபத்தேழை விடப் பெரிது என்பதைத் தவிர அவளிடம் காரணம் எதுவும் இல்லை. அண்ணி பக்கத்தில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“முகம் ஏன் அயர்ன் பண்ணாத துணி மாதிரி இருக்கு?” என்றார்.

அவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“கல்லக் குடுத்துட்டுப் பைய வச்சுக்கிட்டாங்களா?”

“அது வழக்கம் அண்ணி. சோதிச்சுட்டுப் பத்து வருஷம் வச்சிருப்பாங்க.”

“யாரக் கேட்டு?”

“ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவாங்கல்ல, அதுல ஒரு வரி இருக்கும்.”

“அத யாரு படிப்பா?” அண்ணி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார். “என் கடைல துணி வெட்டுனா மிச்சம் விழும். கேட்டா குடுத்துடுவேன். கேக்கலேன்னா நான் வச்சுக்குவேன். தலகாணி உறையாகும், பொம்மையாகும், யாருக்காவது ஒட்டாகும். அதுல தப்பு இல்ல. ஆனா மிச்சமே விழலன்னு சொன்னேன்னு வையி, அன்னைக்கே கத்திரிய வச்சுட்டுப் போயிடணும்.”

அவள் விண்ணப்பத்தின் மேல் பேனாவை வைத்தாள்.

“நீ என்ன பண்ணியிருக்க தெரியுமா? மிச்சம் விழலன்னு சொல்லியிருக்க.”

“அவங்க தீர்த்துடுவாங்க அண்ணி.”

“எவ்வளவு வேணும்னு கேட்டியா?”

கேட்கவில்லை. மற்ற பதினெட்டுப் பேரும் கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். ஆளுக்கு மூன்று சீவல். பத்தொன்பதாவது ஆளுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

“இன்னொன்னு,” என்றார் அண்ணி, மெஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கி. “அவன் எனக்கும் தம்பி. என்னைய யாரும் கேக்கல. அதயும் எழுதிக்கோ.”

மறுநாள் காலை அவள் கீழ்த்தளத்துக்குப் போனபோது ஊதா அண்ணன் ஏணிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.

“அண்ணே, எந்திரிங்க.”

“இரு, இந்த மூலை ஒண்ணுதான் பாக்கி.”

அவள் பதினேழாவது இழுப்பறையை இழுத்து, பிளாக்கை எடுத்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் டார்ச்சை அடித்து எண்ணைப் படித்தார்.

“எங்க இருந்துச்சு?”

“இருக்க வேண்டிய எடத்துல.”

“நேத்து?”

“நேத்தும் அங்கதான்.”

ஊதா அண்ணன் எழுந்திருக்கவில்லை. “யாருது?” என்றார்.

“மாஸ்டரோடது.”

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, முட்டியில் இருந்த தூசியைத் தட்டினார். “எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் முட்டிக்கு மட்டும் ஒரு பதில் சொல்லு,” என்றார். அதோடு மேலே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

விளக்கம் எழுதித் தரச் சொன்னார் பெரிய டாக்டர். அவள் எழுதினாள். தான் பொய் எழுதியது, ஏன் எழுதியது, கேட்கிறவரும் கேட்கப்படுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று படிவத்தில் இல்லாதது, மூன்று கட்டங்களில் எதிலும் தன் பதில் அடங்காதது, இறந்தவருக்கு ஒரு அக்காவும் இருப்பது, அவரை யாரும் கேட்காதது. தையல் கடை மிச்சத் துணியையும் எழுதினாள். அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டாள்.

கடிதம் நெறிமுறைக் குழுவின் செயலாளருக்குப் போனது. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் ஒரு நடுவயது அம்மாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்,” என்றார்.

“சரிங்க.”

“நான்தான் கையெழுத்துப் போடணும். போடுவேன்.”

“சரிங்க.”

“இப்ப வேற விஷயம். பயோ எதிக்ஸ் படிப்புக்கு விண்ணப்பத்தோட ஒரு கட்டுரை கேக்கறாங்க. உங்க வேலையில நீங்க சந்திச்ச ஒரு சிக்கல், ஐநூறு சொல். உங்க விளக்கக் கடிதத்த எண்ணிப் பாத்தேன். நானூத்தித் தொண்ணூறு.”

அவள் நிரப்பி வைத்திருந்த பயோமெடிக்கல் விண்ணப்பம் கைப்பையில்தான் இருந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் வலப்பக்கத்துப் படிப்புக்கான படிவத்தை எடுத்து, கடிதத்தின் பிரதியை வைத்து அனுப்பினாள். பத்துச் சொல் குறைவாகவே இருந்தது. சேர்க்க எதுவும் தோன்றவில்லை.

குழு தன் விதியைத் திருத்தியது: பிளாக் அறைப் பொறுப்பாளரே உறவினராக இருந்தால் இன்னொரு ஊழியர் கேட்க வேண்டும். அந்த இன்னொரு ஊழியர் ஊதா அண்ணன். அவர் மேஜையும் அவள் மேஜையும் எதிரெதிர். நடுவில் சாயப் புட்டிகள்தான். தொலைபேசியில்தான் கேட்க வேண்டும் என்று விதி இருந்ததால் அவர் தொலைபேசியில் கேட்டார். அச்சடித்த தாளை எட்டத்தில் பிடித்துப் படித்தார்.

“வணக்கம். நான் மருத்துவமனையின் திசு ஆய்வகத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் பிளாக் எண் நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்றுக்கு உரியவரின் மனைவியா?”

“ஆமாண்ணே.”

“அண்ணேன்னு இதுல இல்ல. ஆம் இல்லன்னு சொல்லணும்.”

“ஆம்.”

“உங்கள் இழப்புக்கு,” என்று படித்து அவர் நிறுத்தினார். இந்த நான்கு மாதத்தில் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மாஸ்டர் போன மறுவாரம் அவள் வேலைக்குத் திரும்பியபோது, மெஷினுக்குப் புது பிளேடு போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான். இப்போது தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். “உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்,” என்று படித்தார். “ ‘றோம்’னு போட்டிருக்கு. நானும்தான்.”

அவள் சாயப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள்.

“எத்தனை சீவல் எடுப்பீங்க?” என்று கேட்டாள்.

“மூன்று.”

“யாரு எடுப்பாங்க?”

“நான்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“பிளாக் திரும்பி வருமா?”

அவர் தாளைப் புரட்டினார். “அது இதுல இல்ல. வரும்.”

“வீட்டுல அண்ணிகிட்டயும் கேக்கணும்.”

“எண் சொல்லு.”

அண்ணி தொலைபேசியை எடுத்தபோது பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊதா அண்ணன் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தார். அண்ணி நடுவில் எதுவும் கேட்கவில்லை. கடைசியில், “கேட்டாச்சுல்ல? எடுத்துக்குங்க. ஓரமாப் பாத்து வெட்டுங்க,” என்றார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் குழுச் செயலாளர் அம்மாள். இவரை எனக்குத் தெரியும், நான் மதிப்பெண் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நடுவில் இருந்த பேராசிரியர் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

“உங்க அனுபவத்துக்கு பயோமெடிக்கல்தான் பொருத்தம். போஸ்ட்டும் நிச்சயம். ஏன் இது?”

வீட்டில் தயாரித்துவைத்த பதில் ஒன்று இருந்தது. அது அந்த நேரத்தில் வரவில்லை.

“அங்க சொல்லிக்குடுக்கறதுல பாதி எனக்குக் கைக்குத் தெரியும். எப்படிச் சீவணும்னு தெரியும். யாரக் கேட்டுச் சீவணும்னுதான் தெரியல,” என்றாள்.

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சா, அந்தப் படிவத்துல நாலாவதா ஒரு கட்டம் போடலாம்.”

“அதுல என்ன எழுதுவீங்க?”

“அது இன்னும் தெரியல. அதுக்குத்தான் ஒன்றரை வருஷம்.”

பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். வேறு கேள்வி இல்லை.

எச்சரிக்கைக் கடிதமும் சேர்க்கைக் கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் அண்ணிதான் வாங்கி வைத்திருந்தார். “ஒண்ணுல திட்டியிருக்கு, ஒண்ணுல கூப்பிட்டிருக்கு. எத முதல்ல படிக்கற?” என்றார். அவள் எச்சரிக்கையை முதலில் படித்தாள். மேற்பார்வையாளர் பதவி அடுத்த மாதம் வேறொருவருக்குப் போனது. அவர் நல்லவர்தான், இழுப்பறை எண்கள் மட்டும் நினைவில் நிற்பதில்லை.

ஊதா அண்ணன் சீவல் எடுத்த நாளில் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. வெளியே தாழ்வாரத்தில் நின்றாள். அவர் சாயக்காரர், சீவிப் பல வருஷமாகிறது. முதல் சீவல் சுருங்கிவிட்டது. ஆக மூன்றுக்குப் பதில் நான்காயிற்று. அதை அவர் மறைக்காமல் பதிவேட்டில் எழுதி, ‘ஒன்று என் கைப்பிழை’ என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிளாக் அன்று மாலையே அவள் கைக்கு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான்கு சீவல் போனது கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணியின் டேப்பால் அளந்தாலும் தெரியாது. கீழே இறங்கிப்போய், பதினேழாவது இழுப்பறையைத் திறந்து, 4470க்கும் 4472க்கும் நடுவில் வைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.